புள்ளியும் புற்றும்



ஓலைச்சுவடிகளிற் பலவும் புள்ளியின்றி எழுதப்பட்டமையின், ஒரு சொல்லையே பலவாறு படித்து மயங்குவதுண்டு. யாமும் மயங்கியுள்ளோம். நம் உயிரணுக்களிலும் இத்தகைய எழுத்துண்டு. மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. என்னும் ஓலைமீது நொதிகள் சிறு குறிகளை இடுகின்றன. செய்தியோலைகளில் 1974-ல் கண்டறியப்பட்ட மெத்தைற்குறி அவற்றுள் ஒன்று. அதனால் செய்தி மாறுவதில்லை. ஓலையின் ஆயுளும், அது படிக்கப்படும் அளவும் மாறும். குறியை அழிக்கும் நொதியும் உண்டென்பது 2011-ல் வெளியாயிற்று.

குறியிடும் நொதிகளுள் தலையாயது மெட்டில்3. இரைப்பை, பெருங்குடற் புற்றுக்கள் பலவற்றில் இது மிகுந்து, விரைவில் அழியவேண்டிய ‘வளர்க’ என்னும் ஆணையோலைகளை அழியாது காக்கின்றது. ஏட்டைத் திருத்தாமலே குடியைக் கெடுக்கும் கணக்கன் போலும்!

இந்நொதியை அடக்கும் மருந்தொன்று 2022-ல் மனிதரிடைச் சோதனைக்கு வந்தது. இரைப்பைப் புற்றை இன்றும் நேரிற் காட்டுவது உள்நோக்குக் குழாயே. அதற்கு அஞ்சிய எம் தமையனார், வாயுவென்றெண்ணிச் சுக்குக் கஷாயத்தோடு ஆறு திங்களைப் போக்கினார்.