பேஸ் விழும்போது மங்கும் லைற்

இருட்டிய பிறகு மாத்தளையிலிருந்து அலுவிகாரையைத் தாண்டி, பலாபத்வல வழியாகத் தம்புள்ளைக்கு ஏ9 வீதியில் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். பெரிய வூபர் ஸ்பீக்கர் பூட்டிய வான் ஒன்று எதிரே வரும். பேஸ் விழும் ஒவ்வொரு தடவையும் அதன் முன் லைற் மங்கி மீளும். "ஒரு கெப்பாசிட்டர் போடுங்கோ, சரியாகிவிடும்" என்பார்கள். வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம்.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் 1 ஃபரட் கெப்பாசிட்டர். வோல்டேஜ் 14இலிருந்து 12க்கு இறங்கும்போது அது வெளியே தருவது 26 ஜூல். 1000 வோட் இழுக்கும் அம்ப்ளிபயர் ஒரு செக்கனுக்கு 1000 ஜூல் தின்னும். ஆக, கெப்பாசிட்டர் தாங்குவது ஒரு செக்கனில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு நேரம். சட்டென்று விழுந்து மறையும் அடிக்கு அது போதும். நீண்டு முழங்கும் பேஸுக்குப் போதவே போதாது.

அதனால் முதலில் எஞ்சினை ஓடவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, அம்ப்ளிபயர் முனையில் மீட்டரைப் பிடியுங்கள். 14 வோல்ட்டை அண்டி நிற்க வேண்டியது 12.5க்குக் கீழே போய் அங்கேயே கிடந்தால், பற்றரி முனையிலும் அளந்து பாருங்கள். அங்கேயும் அதே இறக்கம் என்றால் ஓல்டனேட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. அங்கே நன்றாக இருந்தால் வயர் மெல்லிசு, அல்லது ஏர்த் சரியில்லை. ஏர்த் பூட்டும் இடத்தில் பெயின்றைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்கினாலே பல வாகனங்கள் தேறிவிடும். காசைக் கொட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள் என்பது என் உறுதியான வேண்டுகோள்.

அதற்குப் பிறகும் கெப்பாசிட்டர் வேண்டுமென்றால், பற்றரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அம்ப்ளிபயருக்குப் பக்கத்திலேயே பூட்டுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். பற்றரிக்கு அருகே பியூஸ் இல்லாமல் பிளஸ் வயரை இழுக்கவே வேண்டாம். உரசினால் வாகனமே எரியும்.

வெறுமையாக இருக்கும் கெப்பாசிட்டரை நேரே கொடுத்தால் பெரும் பொறி பறக்கும். பிளஸ் வயரின் நடுவே 12 வோல்ட் பல்ப் ஒன்றை வைத்து, நெகட்டிவை மீண்டும் கொடுங்கள். எரிந்து, மங்கி, அணைந்தால் நிரம்பிவிட்டது. பிறகு பல்பை எடுத்துவிட்டு நேரே பூட்டலாம். எஞ்சினை நிறுத்தினாலும் கெப்பாசிட்டருக்குள் மின்னேற்றம் அப்படியே இருக்கும். கழற்றும் நாளில், வயர்களை எடுத்த பின் அதே பல்பை இரு முனைக்கும் குறுக்கே பிடித்து இறக்குங்கள். அதுவரை கைமோதிரமோ ஸ்பானரோ இரண்டு முனையையும் சேர்த்துத் தொடக்கூடாது. மோதிரம் சூடேறி விரலைச் சுட்டுவிடும்.