சங்கத்தின் இனிவரும் பணி

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுக்கு ஒருமுறை நாம் இவ்வாறு ஒன்று கூடுகின்றோம். சிறுமியர் கோலாட்டம் ஆடுகின்றனர், சிறுவர் திருக்குறள் ஒப்பிக்கின்றனர், விருந்து நடைபெறுகின்றது, மலர் வெளிவருகின்றது. இவை யாவும் வேண்டுவனவே. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்கள் தம்முள் உறவு கொண்டாட விழாவினும் சிறந்த வாயில் வேறில்லை. எனினும், விழா முடிந்து இம்மலரைக் கையில் ஏந்தி வீடு திரும்பும் வேளையில் நம்மை நாமே வினவிக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இதனைத் தாமே எழுத்துக்கூட்டிப் படிப்பர்?

இவ்வினாவுக்கு விடை நாம் அறிந்ததே. வீட்டில் அவர்கள் தமிழ் பேசுகின்றனர். அம்மை சொல்வதும் பாட்டி சொல்வதும் அவர்க்கு நன்கு விளங்குகின்றன. ஆனால் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும் கற்கின்றனர். மேடையில் ஒப்பிக்கும் குறளை மலையாள எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்யும் பிள்ளைகளும் உளர். அவர்தம் செவிக்குத் தமிழ் உண்டு. கண்ணுக்குத் தமிழ் இல்லை. இந்நிலை நீடிக்குமாயின் இன்னும் இருபது ஆண்டுகளில் சங்கம் மலர் வெளியிடலாம், படிப்போர்தாம் இரார்.

அன்பர்களே! நாம் வாழும் இவ்வமரவிளை தமிழுக்கு அயலான நிலம் அன்று. ‘விளை’ என்பது தோட்ட நிலத்தைக் குறிக்கும் தென்னாட்டுச் சொல். அமரவிளை, இஞ்சிவிளை, களியக்காவிளை என ஊர்ப் பெயர்களிலேயே அச்சொல் தொடர்ந்து செல்கின்றது. தொல்காப்பியம் அரங்கேறிய அவையில் அதங்கோட்டு ஆசான் இருந்து கேட்டார் என்று பனம்பாரனார் தம் பாயிரத்தில் கூறுகின்றார். அவ்வாசானின் ஊர், விளவங்கோடு வட்டத்து அதங்கோடே என்று இப்பகுதியார் வழிவழியாகப் போற்றி வருகின்றனர். ஆண்டுதோறும் நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சரசுவதி திருவுருவம் கம்பர் வழிபட்டது என்பது மரபு. அத்திருவுருவம் களியக்காவிளை, பாறசாலை, அமரவிளை வழியாகச் சென்று நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்குகின்றது. எல்லையில் இரு மாநிலத்தாரும் கூடி நின்று அதனை வரவேற்று வழியனுப்புகின்றனர்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இந்நிலத்தின் வரலாற்றில் ஒரு திருப்பம். திரு. நேசமணி அவர்களின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு நடத்திய போராட்டத்தின் பயனாகத் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் ஈந்தோரை நாம் மறத்தலாகாது. அக்கோரிக்கையில் நெய்யாற்றின்கரை வட்டமும் இடம்பெற்றிருந்தது. ஆயினும் அது கேரளத்திலேயே நின்றது. எனவே, இவ்வட்டத்தில் இருவகைத் தமிழர் வாழ்கின்றனர். தொழிலும் வணிகமும் பற்றிப் பிற்காலத்தே வந்து குடியேறியோர் ஒருவகையினர். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்போர் மற்றொரு வகையினர். நம் சங்கம் இவ்விரு சாராரையும் ஒரே பாயில் அமர்த்த வேண்டும்.

எல்லை பற்றிய வழக்கு முடிந்துவிட்டது. அதனை மீண்டும் கிளறுதல் நம் நோக்கம் அன்று. எல்லைக்கு எப்பக்கம் வாழினும் தாய்மொழியைக் காத்தல் நம் கையில் உள்ளது என்பதே நாம் வலியுறுத்துவது. அதனைக் கைவிட்டால் விளைவது யாது? 1860-ஆம் ஆண்டு முதல் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்களைப் பாருங்கள். காவடி எடுக்கின்றனர், தேவாரம் பாடுகின்றனர், பக்தியில் நம்மினும் குறைந்தவர் அல்லர். ஆயினும் அவருட் பெரும்பாலோர்க்கு வீட்டு மொழி ஆங்கிலம் ஆகிவிட்டது. பாடல்களை ஆங்கில எழுத்தில் அச்சிட்டே படிக்க வேண்டியுள்ளது. விழா நிலைத்தது, மொழி நழுவிற்று. கடல் கடந்தவர்க்கு நேர்ந்தது, எல்லையைக் கடந்தால் தமிழ்நாடு எட்டும் நமக்கு நேரலாமா?

வேறு வழி சென்ற சங்கங்களும் உள. தில்லியில் குடியேறிய தமிழர் 1923-இல் தொடங்கிய கல்விக் கழகம் இன்று ஏழு பள்ளிகளை நடத்துகின்றது. சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் 1950களில் தமிழர் திருநாளை நிறுவியதோடு நில்லாது, மாணவர்க்கென்று இதழில் தனிப்பகுதி ஒதுக்கினார். பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரால் பொதுமக்களிடம் நிதியும் திரட்டினார். விழாவில் எழுந்த ஊக்கத்தை ஆண்டு முழுவதும் நடக்கும் வேலையாக மாற்றியதே அவர்தம் வெற்றியின் இரகசியம். நம் சங்கமும் அவ்வழி செல்லுதற்கு மூன்று பணிகளை உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேர எழுத்து வகுப்பு. நம் பிள்ளைகளுக்குத் தமிழெழுத்துக் கற்பித்தல் பெரும்பாடு என்று அஞ்ச வேண்டா. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயப் பாடம் ஆக்கியது. அம்மலையாளக் கல்வியே நமக்குத் துணையாகும். தமிழின் உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் ஒலியளவில் மலையாளம் கற்ற பிள்ளைக்குப் புதியன அல்ல. ழகரமும் றகரமும் அங்கும் உண்டு. மலையாளத்தில் ககர வரிசைக்கு வெவ்வேறு எழுத்துகள் நான்கு. தமிழில் ஒரே ககரம். ந, ன என்னும் இரண்டையும் மலையாளம் ஓரெழுத்தால் எழுதும். அவ்வேறுபாட்டை மட்டும் தனியே பயிற்றினால் போதும். பேச்சு முன்னமே உள்ளதாகலின், சில திங்களில் பிள்ளைகள் கதைப் புத்தகம் படிக்கத் தொடங்குவர். கற்றோர்க்குச் சான்று வேண்டின், தமிழ்நாட்டு அரசு 2001-இல் நிறுவிய இணையக் கல்வி நிறுவனம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், தொடக்கநிலைப் பாடங்களையும் தேர்வுகளையும் நடத்துகின்றது.

இரண்டாவது, பள்ளியில் தமிழுக்குரிய இடத்தைக் காத்தல். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்தல் வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு கூறுகின்றது; 1956-இல் ஏழாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பிரிவு அது. அதற்கு முன்னரே, 1949-இல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஓர் அளவை வகுத்தது. பள்ளி முழுமையிலும் நாற்பது பேர், அல்லது ஒரு வகுப்பில் பத்துப் பேர், வேற்றுத் தாய்மொழியினராக இருப்பின் அம்மொழி ஆசிரியரை அமர்த்துதல் வேண்டும் என்பதே அவ்வளவு. பத்துப் பிள்ளைகள்! பெற்றோர் பத்துப் பேர் ஒன்றுபட்டு விண்ணப்பித்தால் உரிமை உயிர்பெறும். ஒருவர் இங்கும் ஒருவர் அங்குமாகப் பிரிந்து நின்றால் ஏட்டில் உள்ள உரிமை ஏட்டிலேயே கிடக்கும். எந்த வீதியில், எந்த வயதில், எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் உளர் என்ற கணக்கினை ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன் எடுத்து வைத்தல் சங்கத்தின் கடமை. தம் குறைகளை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் எழுதி முறையிடலாம் என்று 350-ஆம் பிரிவு இடந்தருகின்றது. விண்ணப்பம் எழுதத் தெரியாத முதியோர்க்கு மாலைப் பொழுதில் ஒரு மணி நேரம் எழுதித் தரும் இளைஞர் இருவர் கிடைப்பின், சங்கத்தின் பெயர் ஏழை வீடுகளிலும் வழங்கும்.

மூன்றாவது, நூலகம். இதற்கெனக் கட்டடம் எழுப்பிக் கடனாளிகளாக வேண்டா. இவ்வகையில் நம் மலையாளச் சகோதரர் நமக்கு ஆசிரியர். 1945-இல் அம்பலப்புழையில் நாற்பத்தேழு நூலகங்களை ஒன்றுகூட்டித் திரு. பி. என். பணிக்கர் தொடங்கிய இயக்கம் கேரளமெங்கும் சிற்றூர்தோறும் படிப்பகம் தந்தது. அவர் மறைந்த ஜூன் 19 வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகின்றது. நம் ஊர்ப் படிப்பகத்தை அணுகி, “ஓர் அலமாரி தாருங்கள், நூல்கள் நாங்கள் தருகின்றோம்” என்று கேட்போம். அவ்வலமாரியில் கவிமணியும் மனோன்மணியமும் இருக்கட்டும்; திருவனந்தபுரத்திலேயே வாழ்ந்து தமிழில் எழுதிய நகுலனும், சாலைத் தெருவின் வாழ்வைக் கதைகளாக்கிய ஆ. மாதவனும் இருக்கட்டும். இந்நிலத்தில் வாழ்ந்துகொண்டே தமிழில் தலைசிறந்து எழுதலாம் என்பதை நம் பிள்ளைகள் அப்பொழுது அறிவர். தமிழ் கற்க விரும்பும் மலையாள அன்பரும் அவ்வலமாரியின் முன் நிற்பர்.

இவற்றிற்கெல்லாம் பொருள் எங்கே என்று செயலாளர் கேட்பார். பந்தலிலும் ஒலிபெருக்கியிலும் சிறிது குறைத்து, விழாச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் எழுது பலகைக்கும் நூல்களுக்கும் போதும். பொருளினும் அரியது ஆள். இங்கே வீற்றிருக்கும் தாய்மார்களுள் தமிழ்நாட்டில் பள்ளியிறுதி முடித்தோர் பலர் உளர். விருந்து சமைக்கவும் கோலமிடவும் மட்டுமே சங்கம் இதுகாறும் அவர்களை அழைத்தது. இனி ஆசிரியராக அழைக்கட்டும். நிர்வாகக் குழுவிலும் அவர்க்குச் செம்பாதி இடம் அளிக்கட்டும். பிள்ளைகளின் நாவில் தமிழை வைத்தவர் அவர். விரலிலும் வைக்க வல்லவர் அவரே.

அன்பர்களே! இவ்வட்டத்துக்குத் தெற்கே, முன்சிறையை அடுத்த பார்த்திவசேகரபுரத்தில், கி.பி. 866-ஆம் ஆண்டளவில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒரு சாலையை நிறுவினான். தொண்ணூற்றைந்து மாணவர் உண்டு உறைந்து கற்றற்கு வேண்டிய நிலமும் விதிமுறைகளும் செப்பேட்டில் பொறித்தான். அது வேதம் ஓதும் சிலர்க்கே உரியதாய் இருந்தது. நாம் அமைக்க எண்ணும் சாலையோ சாதி சமயம் பாராது எல்லாப் பிள்ளைகட்கும் திறந்திருப்பது. அரசன் கொடை வேண்டாதது. ஒரு திண்ணையும், ஒரு பலகையும், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரமும் வேண்டுவது.

இவ்வவை கலையுமுன் இரு தீர்மானங்களை நிறைவேற்றித் தருமாறு வேண்டுகின்றோம். வரும் திங்களில் வகுப்புத் தொடங்கட்டும். அடுத்த ஆண்டு மலரில் பிள்ளைகள் தம் கையாலேயே தமிழில் எழுதிய பக்கங்கள் பத்தேனும் இடம்பெறட்டும். பிழை இருப்பினும் திருத்தாது அப்படியே அச்சிடுவோம்; அவர் வளர வளரப் பிழை குறையும். அம்மலரைப் படிக்க ஆள் உண்டோ என்ற ஐயமும் அத்துடன் நீங்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!