சாய்சதுரப் பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள்



சில ஆண்டுகளுக்கு முன்னர், கலிபோர்னியாவில் என் மகன் இல்லத்தில் சில திங்கள் தங்கியிருந்தேன். ஒருநாட் காலை லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் விரைவுச் சாலையொன்றில் இருவரும் காரிற் சென்றோம். நடுத் தடுப்பை ஒட்டிய பாதையில் வெண்ணிறச் சாய்சதுரங்கள் வரையப்பட்டிருந்தன. (வடிவ கணிதம் மறந்துபோன அந்நாட்டார் அதனை வைரம் என்கின்றனர்.) காரில் இருவரேனும் இருந்தாலன்றி அதிற் செல்லலாகாது என்றான் மகன். அவன் சொல்லி முடிக்குமுன் மோட்டார் சைக்கிள் ஒன்று அப்பாதையில் விரைந்து சென்றது. அதில் இருந்தவர் ஒருவரே!

"விதியை மீறுகிறாரே!" என்றேன், தலைமையாசிரியனாக இருந்தவனுக்கு வேறென்ன சொல்லத் தோன்றும்? "இல்லை அப்பா, சட்டமே அவருக்கு இடம் தருகிறது" என்றான். எனக்கு அது நேர்மையாகப் படவில்லை.

வண்டிகளை எண்ணாமல் மனிதர்களை எண்ணுவதே அப்பாதையின் அடிப்படை. வாஷிங்டன் நகருக்கருகே ஷெர்லி நெடுஞ்சாலையில் 1969-இல் பஸ்களுக்கெனத் தனிப்பாதை திறந்தனர். 1973-இல் நால்வர் கூடிச் செல்லும் கார்களையும் அனுமதித்தனர். அவ்வாறாயின் தனியொருவர் செல்லும் மோட்டார் சைக்கிள் எக்கணக்கில் சேரும்?

1982-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் அதற்கு வழிவிட்டது. விபத்துக்கு ஏதுவாகும் இடங்களில் மட்டும் விலக்கு உண்டு. ஊர்ந்தும் நின்றும் செல்லும் நெரிசலில் இருசக்கர வண்டி நிலை தடுமாறும். பின்னால் வருபவர் சற்றே கவனம் பிசகினால், காருக்குத் தகடு நெளியும். மோட்டார் சைக்கிளில் இருப்பவருக்கோ எலும்பு முறியும். காற்றினாலேயே குளிரும் எஞ்சின்கள் நின்ற இடத்திற் கொதிப்பேறும். ஓடிக்கொண்டிருப்பதே அவ்வண்டிக்குக் காப்பு.

போக்குவரத்துக்கு இதனாற் பெருந்தடை விளையாது என்பது என் கருத்து. நெரிசல் நேரத்திலும் இத்தகைய பாதையில் சராசரி வேகம் மணிக்கு 45 மைலுக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது கூட்டரசு வகுத்த அளவு. ஒடுங்கிய வண்டிகள் சில சேர்வதால் அது குலையாது. ஆயினும் கார்களைக் குறைக்கும் நோக்கம் இதனால் எவ்வளவு நிறைவேறும் என்ற ஐயம் எனக்கு இன்னும் உண்டு.

அஞ்சத்தக்கது வேறொன்று. சாய்சதுரப் பாதை 60 மைல் வேகத்தில் ஓட, அடுத்த பாதை 10 மைலில் ஊர்ந்துகொண்டிருக்கும். பொறுமையிழந்த கார் ஒன்று திடீரென்று இப்பாதைக்குள் திரும்பினால் என்னாகும்? இதனாலேயே தென் கலிபோர்னியாவிற் பல இடங்களில் இரட்டைக் கோடிட்டு இருபாதைகளையும் பிரித்து, இடையிடையே மட்டும் நுழைவிடம் விட்டிருக்கின்றனர்.

நான் இதைக் கற்றது நூலினாலன்று. அன்று மாலை திரும்புகையில் எங்கள் வரிசை நின்றுவிட்டது. நுழைவிடம் வந்ததும் மகன் கண்ணாடியைப் பார்த்துவிட்டே இடப்புறம் திருப்பினான். மறுகணம் ஒரு ஹாரன் அலறியது. மோட்டார் சைக்கிள் ஒன்று எங்கள் காருக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே, கைநீட்டினால் தொடும் தொலைவில் நெளிந்து கடந்தது. வீடு சேரும் வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.