பழைய வண்டியும் பழைய உறுப்புகளும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசப்போகின்றோம் என்று அறிந்ததும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "இது மன்றமா, கராஜா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், மன்றத்துக் கொட்டிலில் நிற்கும் லாண்ட் றோவரைத் திருத்துவதா, விற்பதா என்று மூன்று கூட்டங்களில் வாதாடியவர்கள் நாமே அல்லவா? அந்த வாதத்தில் தாமும் பங்குகொண்டதை அப்பெரியவர் மறந்திருக்கமாட்டார்.

லாண்ட் றோவர் பிறந்த கதையை முதலிற் சொல்லிவிடுகின்றோம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், றோவர் கம்பனியின் தலைமைப் பொறியியலாளராக இருந்த மோறிஸ் வில்க்ஸ் என்பவர், அங்கிள்சீத் தீவிலிருந்த தமது பண்ணையில் போர்க்காலத்து வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்து வேலை வாங்கிவந்தார். அதைப்போலத் தாமே ஒன்று செய்தாலென்ன என்று அவருக்குத் தோன்றியது. அக்காலத்தில் இங்கிலாந்தில் உருக்குக்குப் பெருந் தட்டுப்பாடு. ஆகவே செசியை உருக்கிலும், மேலுடலை அலுமினியக் கலப்புலோகத்திலும் செய்தார்கள். 1948 ஏப்பிரல் 30ஆம் திகதி அம்ஸ்ரடாம் கண்காட்சியில் வண்டி உலகுக்குக் காட்டப்பட்டது. முதல் வண்டிகளுக்குப் பூசிய பச்சை நிறங்கூட விமானங்களுக்கென வாங்கி மிஞ்சிய வர்ணமேயாம். இல்லாமையிலே பிறந்த வண்டி என்றால் பொருந்தும்.

எமது வண்டி 1955ஆம் ஆண்டினது. 86 அங்குலச் சில்லிடைத் தூரமுள்ளது. இரண்டு லீற்றர் பெற்றோல் எஞ்சினுடன் வந்தது. ஒரு போடியார் குடும்பத்தார் வட்டைக்கு விதைநெல்லும் ஆட்களும் ஏற்றுவதற்காக வைத்திருந்து, பின் மன்றத்துக்கு உவந்தளித்தனர். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்ததை மூத்தோர் மறக்கமாட்டார்கள். விடிந்ததும் தெருவெங்கும் தென்னைகள் விழுந்து கிடந்தன. அவற்றுக்கிடையே நுழைந்து, காயப்பட்டவர்களை ஏற்றிச்சென்றது இந்த வண்டி. அன்று ஒரு தென்னை சரிந்து இடப்பக்கக் கதவிற் பட்ட நெளிவு இன்றும் இருக்கின்றது. அந்த நெளிவைப்பற்றிப் பின்னர் சொல்வோம்.

இனி எமது குற்றத்தைச் சொல்லவேண்டும். எண்பதுகளில் பெற்றோற் செலவு தாங்காமல், அசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு யப்பானிய டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்தினோம். இலங்கையில் அக்காலத்தில் பலரும் செய்த வேலைதான். கழற்றியதைப் பழைய இரும்பு வியாபாரியிடம் நிறுத்து விற்றோம். விற்ற பணத்திற் தேநீர் விருந்து வைத்ததாகக் கணக்குப் புத்தகம் சொல்கின்றது. அந்தக் கையெழுத்து எம்முடையதே.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் உப்புநீர் கொட்டிலுக்குள் புகுந்தது. வண்டி அன்று முதல் ஓடவில்லை. அலுமினியம் கறள் பிடிக்காது என்று நாம் மெத்தனமாக இருந்தோம். அது பாதி உண்மைதான். அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொட்டுநிற்க, இடையில் உப்புநீர் தங்குமாயின், அது சிறியதொரு பற்றரிபோல வேலைசெய்யும். அலுமினியம் வெண்பொடியாகக் கரைந்துபோகும். செசியோ உள்ளிருந்தே அரிபடும். வெளிப்பார்வைக்குத் தெரியாது. சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டு போனால் நல்ல இரும்பு கணீரென்று பேசும். அரிபட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். எமது செசியின் பின்பாதி முழுவதும் மந்தமாகவே ஒலித்தது.

வேலையை ஏற்றவர் கல்முனையிலே பழைய வண்டிகளுக்குப் பெயர்பெற்ற ஒரு முஸ்லிம் மெக்கானிக். நாம் எல்லோரும் அவரைக் காக்கா என்றே அழைப்போம். இறக்குமதி நெருக்கடி மிகுந்திருந்த 1970களில், புதிய சாமான் கிடையாத காலத்தில், தந்தையாரிடம் தொழில் பயின்றவர். எமது இளைஞர் ஒருவர் கையிற் கிடைத்த மரையாணியை இறுக்க முயன்றபோது காக்கா தடுத்தார். "தம்பி, மற்ற ஆணியப் போட்டா இறுகும், ஆனா இதுட மரை செத்துப்போயிரும்" என்றார். அந்த வண்டியின் ஆணிகள் பழைய ஆங்கிலேய மரை. இக்காலத்து மில்லிமீற்றர் மரை அவற்றோடு ஒட்டாது. தந்தையாரின் ஸ்பானர்களை எண்ணெய்த் துணியிற் சுற்றி வைத்திருந்தார். கறள் பிடித்த ஆணிகளை இரண்டு இரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்தே கழற்றினார். நாமாயின் முதல்நாளே வாளால் அறுத்திருப்போம்.

அவசரத்துக்குக் கூலியும் கொடுத்தோம். அந்நாளைய லாண்ட் றோவரில் பற்றரியின் நேர்முனையே செசியோடு இணைக்கப்படும். இக்கால வழக்குக்கு நேர்மாறு. காக்கா ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த வேளையில், எம்மவர் இக்கால முறைப்படி இணைத்துவிட்டனர். கட்டுப்படுத்தும் பெட்டியின் தொடுமுனைகள் கருகின. திரும்பிவந்தவர் ஏசவில்லை. அதுதான் எமக்குக் கூடுதலாகச் சுட்டது.

அசல் எஞ்சின் போயே போய்விட்டது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒதுங்கிக் கிடந்த அதே வகை எஞ்சின் ஒன்றைத் தேடிப்பிடித்தோம். அதன் இலக்கம் எமது பதிவுப் புத்தகத்து இலக்கமல்ல. "தட்டை மாற்றிப் பொறித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?" என்றார் ஒருவர். மறுத்துவிட்டோம். இது தோட்டத்திலிருந்து வந்த எஞ்சின் என்று வண்டியின் குறிப்பேட்டில் எழுதி, முறைப்படி பதிவையும் திருத்தினோம். அசல் என்ற பெயருக்காகப் பொய் இலக்கம் பொறிப்பது, கோயிற் கல்வெட்டில் இல்லாத உபயகாரரின் பெயரை வெட்டுவது போன்றதன்றோ?

ஆயினும் எதையும் பழையதென்ற காரணத்தாற் காப்பாற்றவேண்டுமென நாம் வாதிடவில்லை. பிறேக்குக் குழாய்கள், பிறேக்கு உருளையின் ரப்பர்கள், ரயர்கள் யாவும் புதியவை. உயிர் தங்கியிருக்கும் இடத்தில் மக்கிய ரப்பரைப் போற்றுவது மடமை. தேருக்குச் சில்லு மாற்றாத ஊர் உண்டா? அரிபட்ட செசியையும் முழுதாக வீசாமல், முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதிக்குப் புதிய உருக்கு ஒட்டினோம். இலக்கம் பொறித்த பகுதி முன்பாதியிலேயே இருந்தது எமது அதிர்ஷ்டம்.

உலகத்திலும் இந்த வாதம் நடக்கின்றது. 1955இல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் அறுவர் இரண்டு லாண்ட் றோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, 1956இல் சிங்கப்பூரை அடைந்தனர். அவற்றுள் ஒக்ஸ்போர்ட் என்ற வண்டி பல ஆண்டுகள் சென். ஹெலேனாத் தீவிற் கிடந்தது. மீட்டுத் திருத்தியபின், 2019இல் அது சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கே ஓடிவந்தது. முதற் பயணத்தினருள் ஒருவரான ரிம் ஸ்லெஸர் நோய்வாய்ப்பட, அவருக்குப் பதிலாகப் பேரன் சென்றார். அம்ஸ்ரடாம் கண்காட்சி வண்டி ஒன்றும் ஒரு தோட்டத்திற் பாழடைந்து கிடந்து அகப்பட்டது. அதைத் திருத்தப்போவதாக 2018இல் அறிவித்த கம்பனியார், 1948இல் பூசிய பச்சை வர்ணத்தைப் பேணிக்கொள்வதாகவும் கூறினர். டார்ஜிலிங் மாவட்டத்து மானேபஞ்சாங்கிலிருந்து 3636 மீற்றர் உயரமுள்ள சந்தக்பூவுக்குப் பயணிகளை ஏற்றி உழைத்த பழைய லாண்ட் றோவர்களோ வேறு வகை. அவற்றுட் பலவற்றுக்கு எஞ்சினே மாறிவிட்டது. உழைத்துப் பிழைப்பவனிடம் அசல் எங்கே என்று கேட்க எமக்கு நாவெழவில்லை.

இனி அந்தக் கதவு. இளைஞர்கள் நெளிவைத் தட்டி, பட்டி பூசி, பளபளப்பாக வர்ணமடிக்க விரும்பினர். அவர்கள் ஆசை தவறன்று. விழாவுக்கு நிறுத்தும் வண்டி அழகாக இருக்கவேண்டுமென நினைத்தார்கள். மூத்தோர் கூடாதென்றனர். தீர்ப்பை டிங்கர் வேலை தெரிந்த காக்காவிடமே விட்டோம். அவர் நெடுநேரம் கதவைத் தடவிப்பார்த்தார். "தட்டி எடுக்கலாம், அரைநாள் வேல. ஆனா அண்டைக்கு இந்த வண்டியில ஆசுபத்திரிக்குப் போனதில எங்கட உம்மாவும் ஒரு ஆள்" என்றார். சபையில் எவரும் பேசவில்லை. கதவு நெளிவோடேயே மாட்டப்பட்டது.

வண்டி இப்போது ஓடுகின்றது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது இன்னும் உறுமுகின்றது. வருகின்ற ஞாயிறு காலை கியர்பெட்டியை இறக்குகின்றோம். வரக்கூடிய இளைஞர்கள் பழைய உடுப்போடு வாருங்கள். பற்றரியைக் காக்கா இணைப்பார்.