லூயி ஆம்ஸ்ட்ராங்கும் என் ஒன்பதாம் வகுப்பும்

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பறை விவாதம் என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். விவாதத்தை எப்படி நடத்துவது என்பதற்கான வழிமுறைகளை எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் ஒரு வகுப்பில் தவறாகச் சொல்லிக்கொடுத்து, பிறகு அதே வகுப்பில் நின்று திருத்திக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

போன ஆண்டு ஒரு நாள் ஆங்கில ஆசிரியர் விடுப்பு. அந்தப் பாடவேளையை எனக்குக் கொடுத்தார்கள். கடைசி வேளை, பிள்ளைகள் களைத்திருந்தார்கள். ஒரு சின்ன ஒலிபெருக்கியில் 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' பாட்டைப் போட்டேன். கரகரத்த குரல் வந்ததும் வகுப்பு சிரித்தது. யார் சார் இவர் என்று கேட்டார்கள். லூயி ஆம்ஸ்ட்ராங், அமெரிக்கக் கறுப்பினத்தவர், டிரம்பெட் வாசிப்பதில் உலகப் புகழ் பெற்றவர் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசிரியர் நாக்கு அல்லவா, நிற்கவில்லை. "ஆனால் இவர் தம் மக்களுக்காக வாயே திறக்காதவர். வெள்ளையர் முன்னால் சிரித்துச் சிரித்தே வாழ்ந்துவிட்டார். பால் ரோப்சன் என்று இன்னொரு பாடகர் இருந்தார், அவர்தான் பேசினார், 1950-இல் அவருடைய பாஸ்போர்ட்டையே அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது" என்றேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "சார், வாயே திறக்கலைன்னு எப்படித் தெரியும்?"

எனக்குப் பதில் இல்லை. கல்லூரிக் காலத்தில் யாரோ சொன்னதை இருபது ஆண்டுகளாக என் கருத்தாகவே சுமந்துகொண்டிருந்திருக்கிறேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்று இரவு உட்கார்ந்து படிக்கத் தொடங்கியவன், ஒரு வாரம் கழித்துத்தான் வகுப்பில் அதைப் பேசினேன்.

ரோப்சனைப் பற்றி நான் சொன்னது சரி. ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றிச் சொன்னதுதான் தவறு. ஆனால் அந்தத் தவறை நான் மட்டும் செய்யவில்லை. அவர் உயிரோடு இருந்தபோதே அவருடைய சொந்த ரசிகர்கள் அதையே சொல்லிச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

1957-க்குப் போவோம். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே மாதத்தில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. மூன்று ஆண்டு கழித்து, ஆர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் சேர வந்தார்கள். ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் மாநிலப் படையை நிறுத்தி அவர்களைத் தடுத்தார். செப்டம்பர் 4-ஆம் தேதி அந்த ஒன்பது பேரில் எலிசபெத் எக்ஃபோர்ட் என்ற 15 வயதுப் பெண் மட்டும் தனியாக வந்தாள். எல்லாரும் சேர்ந்து போகலாம் என்று முந்தைய நாள் முடிவானது அவளுக்குத் தெரியாது. அவள் வீட்டில் தொலைபேசி இல்லை. கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, கையில் நோட்டு. பின்னால் கூட்டம் கத்திக்கொண்டு வருகிறது. அந்தப் புகைப்படத்தைத் திரையில் காட்டியபோது என் வகுப்பில் ஓசையே இல்லை. நம் பிள்ளைகளின் வயதுதான் அவளுக்கும். புத்தகப் பையோடு பள்ளிக்கு வந்தவளை ராணுவம் வழிமறிக்கிறது என்பதை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே செப்டம்பர் 17-ஆம் தேதி ஆம்ஸ்ட்ராங் வடக்கு டகோட்டாவில் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊரில் கச்சேரிக்கு வந்திருந்தார். அவருக்கு அப்போது 56 வயது. உள்ளூர்ப் பத்திரிகையில் பகுதி நேரமாக வேலை பார்த்த 21 வயது இதழியல் மாணவர் ஒருவரைப் பேட்டிக்கு அனுப்பினார்கள். இசையைப் பற்றி மட்டும் கேள், அரசியல் வேண்டாம் என்பது ஆசிரியர் குழுவின் கட்டளை. அந்த இளைஞர், இரவு உணவு கொண்டுவரும் விடுதிப் பணியாளரோடு ஒட்டிக்கொண்டு அறைக்குள் நுழைந்தார். கேட்கக் கூடாது என்றதையே கேட்டார். கேட்கக் காரணமும் இருந்தது: லிட்டில் ராக்கில் ஒன்பது பேரையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று உத்தரவிட்ட நீதிபதி ரொனால்ட் டேவிஸ் அதே கிராண்ட் ஃபோர்க்ஸ்காரர்.

ஆம்ஸ்ட்ராங் வெடித்துவிட்டார். தென் மாநிலங்களில் தம் மக்களை நடத்துகிற விதத்தைப் பார்த்தால் இந்த அரசாங்கம் நாசமாய்ப் போகட்டும் என்றார். குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவருக்கு இரண்டு முகம், துணிச்சல் கிடையாது என்றார். ஆளுநரைப் படிக்காத ஏர் ஓட்டி என்றார். உண்மையில் அவர் சொன்ன சொல் அச்சில் ஏறாத சொல், இருவரும் சேர்ந்து அதை இப்படி மாற்றினார்களாம். வெளியுறவுத் துறை ஏற்பாடு செய்துகொண்டிருந்த சோவியத் பயணத்துக்குப் போக மாட்டேன் என்றார். அங்கே போனால், உங்கள் நாட்டில் என்ன நடக்கிறது என்று கேட்பார்களே, நான் என்ன பதில் சொல்வது என்பது அவர் கேள்வி.

செய்தி நிறுவனம் நம்பவில்லை. எப்போதும் சிரிக்கிற ஆம்ஸ்ட்ராங்கா இப்படிப் பேசினார்? ஆதாரம் இல்லாமல் வெளியிட மாட்டோம் என்றது. மறுநாள் காலை அந்த இளைஞர் எழுதிய தாளோடு மீண்டும் விடுதிக்குப் போனார். ஆம்ஸ்ட்ராங் சவரம் செய்துகொண்டிருந்தார். படித்துப் பார்த்தார். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லி, தாளின் அடியில் ஒப்புதல் எழுதிக் கொடுத்தார். பிறகு அவருடைய பயண மேலாளர், லூயி வருந்துகிறார் என்று பத்திரிகைகளுக்குச் சொன்னபோது, தமக்கு எந்த வருத்தமும் இல்லை என்று ஆம்ஸ்ட்ராங்கே மறுத்தார்.

இதற்குப் பிறகுதான் ரசிகர்களிடையே பெரிய தகராறு. தெற்கே சில வானொலி நிலையங்கள் அவருடைய இசைத்தட்டுகளைத் தூக்கி எறிந்தன. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்கிற தொனியில் பத்தி எழுதினார்கள்; கச்சேரிகளைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன், பாடகியர் லீனா ஹார்ன், எர்த்தா கிட் போன்றோர் அவர் பக்கம் நின்றார்கள். ஆனால் மிகக் கூர்மையான எதிர்ப்பு அவர் இனத்திலிருந்தே வந்தது. சாமி டேவிஸ் ஜூனியர், இத்தனை ஆண்டும் இனம் பிரித்து உட்காரவைத்த அரங்குகளில் வாசித்துவிட்டு இப்போது பேசுவதா என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. வகுப்பில் நான் இதைத்தான் முதலில் வைத்தேன். அதே 1957 பிப்ரவரியில் டென்னசி மாநிலம் நாக்ஸ்வில்லில் அவர் கச்சேரியின்போது அரங்குக்கு வெளியே வெடிகுண்டு வெடித்தது. உள்ளே வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் ஒரு பக்கம். தொலைபேசி மணி அடித்தது என்று வேடிக்கை சொல்லிவிட்டு அவர் வாசிப்பைத் தொடர்ந்தார். 1949-இல் சொந்த ஊரான நியூ ஆர்லியன்ஸின் மார்டி கிரா திருவிழாவில் ஜூலு அரசராக வேடமிட்டு, முகத்தில் கரி பூசி ஊர்வலம் போனார். அந்த ஊர்க் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அது பெரிய மரியாதை. வடக்கே படித்த கறுப்பினத்தவருக்கோ அவமானம். அவர் சிரிப்பு மைல்ஸ் டேவிஸுக்குப் பிடிக்காது. டிசி கில்லெஸ்பி வெளிப்படையாகவே சாடினார். வெள்ளையருக்குக் குழைகிறவர் என்ற பொருளில் 'அங்கிள் டாம்' என்ற பட்டம் அவர்மேல் ஒட்டிக்கொண்டது.

இனி இந்தப் பக்கத்தையும் பாருங்கள். அவருடைய குழுவில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்தே வாசித்தார்கள். 1956-இல் லூசியானா மாநிலம் இரு இனத்தவரும் ஒரே மேடையில் கலப்பதைத் தடுத்துச் சட்டம் போட்டது. பிறந்த ஊருக்கு இனி வாசிக்க வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். 1965 வரை வரவில்லை. கூட்டம் போட்டு அறிவிக்கவில்லை, போகவில்லை, அவ்வளவுதான். தங்க இடம் தராத விடுதியில் வாசிக்க மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் எழுதவைத்ததாகவும் சொல்லியிருக்கிறார். கிராண்ட் ஃபோர்க்ஸில் அவர் தங்கிய விடுதியிலும் அவர்தான் முதல் கறுப்பின விருந்தினர்.

வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தேன். 'முன்பே பேசியிருக்க வேண்டும்' என்று ஓர் அணி, 'பேசியதே பெரிது' என்று ஓர் அணி. பட்டிமன்றம் மாதிரி நடத்தி நான் தீர்ப்புச் சொல்வதாகத்தான் திட்டம். பாதியிலேயே அது கைமீறிப்போனது. நன்றாகத்தான் போனது. இரண்டாம் அணிப் பையன் ஒருவன், "சார், இவர் பேசினதாலதான் ராணுவம் வந்துச்சு, அந்தப் பிள்ளைங்க உள்ள போனாங்க" என்றான். வகுப்பு கைதட்டியது. கேட்க நன்றாக இருக்கிறது. நானும் விட்டிருக்கலாம். ஆனால் முதல் நாள் மாணவி என்னைக் கேட்டது நினைவிருந்தது. அதனால்தான் வந்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

தேதிகளைக் கரும்பலகையில் எழுதினோம். 17 பேட்டி. 20-ஆம் தேதி, மாநிலப் படையை வைத்துத் தடுக்கக் கூடாது என்று நீதிபதி டேவிஸின் உத்தரவு. 23-ஆம் தேதி ஒன்பது பேரும் உள்ளே போகிறார்கள், வெளியே கும்பல் கலவரம் செய்கிறது, பாதுகாப்புக்காக அவர்களை வெளியேற்றுகிறார்கள். நகர மேயர் மத்திய அரசின் உதவியைக் கேட்கிறார். 24-இல் ஐசன்ஹோவர் 101-ஆவது வான்படைப் பிரிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்புகிறார். 25-ஆம் தேதி காலை வீரர்கள் சூழ ஒன்பது பேரும் படியேறுகிறார்கள். இந்த வரிசையில் பேட்டிக்கும் ராணுவத்துக்கும் நடுவே நீதிமன்றமும் கும்பலும் மேயரும் இருக்கிறார்கள். ஒன்றை அடுத்து மற்றொன்று நடந்தால் முதலாவதே காரணம் என்று எழுதிவிடக் கூடாது என்பதைப் பாடப்புத்தகத்தில் எத்தனை பக்கம் நடத்தினாலும் இவ்வளவு சுலபமாகப் புரியவைக்க முடியாது. ராணுவம் வந்ததும் ஐசன்ஹோவரைப் பாராட்டித் தந்தி அனுப்பியவரும் ஆம்ஸ்ட்ராங்தான். வசைபாடிய ஆளையே ஒரு வாரத்தில் வாழ்த்துகிறாரே என்று ஒரு பிள்ளை கேட்டாள். செய்ய வேண்டியதைச் செய்தால் வாழ்த்துவதில் என்ன தவறு என்று இன்னொருத்தி சொன்னாள். நான் குறுக்கே போகவில்லை.

முதல் அணி கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. அவரிடம் பணமும் புகழும் இருந்தது, 15 வயதுப் பெண்ணிடம் ஒன்றும் இல்லை, அவள் நடந்து வந்தாளே என்றார்கள். எனக்கும் அந்த வாதத்துக்குப் பதில் இல்லை. தொழிலில் அவர் உச்சத்தில் இருந்தவர் என்பதால் அவர் பேசியது காதில் விழுந்தது. அதே உச்சத்தில்தான் பல ஆண்டு பேசாமலும் இருந்தார். என் கருத்து என்னவென்றால், சாமி டேவிஸ் கேட்டது நியாயமான கேள்வி, கேட்ட நேரம்தான் தவறு. ஒருவர் தொழிலைப் பணயம் வைத்து வாய் திறந்த அதே வாரத்தில் பழைய கணக்கைக் கேட்டால், அடுத்து பேச நினைப்பவரும் பேசாமல் இருந்துவிடுவார். நீங்கள் இதை ஒப்ப வேண்டும் என்பதில்லை. என் வகுப்பில் பாதிப் பேர் ஒப்பவில்லை.

ஒரு செய்தி ஆசிரியர்களாகிய நமக்கென்றே இருப்பதுபோல் எனக்குப் பட்டது. 1912-ஆம் ஆண்டு கடைசி நாளில் தெருவில் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டதற்காகச் சிறுவன் லூயியைப் பிடித்து, கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் அடைத்தார்கள். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற இசை ஆசிரியர். மோசமான தெருவிலிருந்து வந்தவன் என்று முதலில் அவருக்கு லூயியைப் பிடிக்கவில்லை. சில மாதம் கவனித்த பிறகு மனம் மாறி, குழுவில் சேர்த்தார். கையில் கார்னெட் வந்தது. பையனைப் பற்றிய தம் முதல் கணிப்பை அந்த ஆசிரியர் மாற்றிக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் வகுப்பில் கேட்கவில்லை. எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

கில்லெஸ்பியும் பிற்காலத்தில் மாற்றிக்கொண்டார். 1979-இல் வந்த தம் தன்வரலாற்றில், முன்பு குழைவு என்று தாம் நினைத்த அந்தச் சிரிப்பு, தம் மகிழ்ச்சியை எந்த இனவெறியும் பறிக்க விடாத பிடிவாதம் என்று புரிந்துகொண்டதாக எழுதினார். ஆம்ஸ்ட்ராங் அதற்கு எட்டு ஆண்டுக்கு முன்பே, 1971-இல் இறந்துவிட்டார். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். அவர் தாமே பதிவு செய்த ஒலிநாடாக்கள் நூற்றுக்கணக்கில் அவர் விட்டுச்சென்றவற்றில் இருந்தன. நண்பர்களோடு பேசியதெல்லாம் அவற்றில் இருக்கிறது. மேடையில் சிரித்தவர் அந்த நாடாக்களில், தமக்கு நேர்ந்த அவமானங்களைக் கோபத்தோடு, கெட்ட வார்த்தைகளோடு சொல்கிறார். எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே 'சரிங்க சார்' சொல்கிற ஒரு மாணவனை நான் பல மாதமாகப் பிரச்சினை இல்லாத பையன் என்று குறித்து வைத்திருந்தேன். அந்த வாரம் அவனைத் தனியே கூப்பிட்டுப் பேசினேன். என்ன பேசினோம் என்பது எங்களுக்குள்ளேயே இருக்கட்டும்.

விவாதம் முடிந்ததும், முன்பு நான் சொன்ன வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, "இது தவறு, நான் சரிபார்க்காமல் சொன்னேன்" என்றேன். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. பாட்டை மறுபடியும் போடச் சொன்னார்கள். 1967-இல், அமெரிக்க நகரங்கள் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த கோடையில் பதிவான பாட்டு அது என்று சொல்லிவிட்டுப் போட்டேன். அப்படிப்பட்ட ஆண்டில் இப்படி ஒரு பாட்டா என்று அணிகள் மறுபடியும் தொடங்கிவிட்டன. மணி அடித்துவிட்டது.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. "எப்படித் தெரியும் சார்?" என்ற கேள்வி அவளோடு நிற்காமல் வகுப்பு முழுவதும் பரவிவிட்டது. இந்த மாதம் மட்டும் மூன்று முறை வாங்கிக்கொண்டேன். அதில் ஒன்றுக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.