சொட்டு விழும் இடமும் கசியும் இடமும்

(தோட்ட மண்டபம் ஒன்றில் பழைய கார்களின் பராமரிப்பைப் பற்றி ஆற்றப்பெற்ற உரை)



தோட்டத்தில் வாழ்வோர்க்குக் கார் ஆடம்பரப் பொருளன்று. பட்டணத்திற்குச் சென்று சாமான் வாங்கவும், பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டு விடவும், நள்ளிரவில் ஒருவர்க்கு நோய் கண்டால் மருத்துவமனைக்கு விரையவும் அது வேண்டியிருக்கின்றது. நம் நாட்டின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா 1985ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெரோடுவா கஞ்சில் 1994ஆம் ஆண்டில் வந்தது. இவைபோன்ற கார்களைப் பலர் கைமாறிய பின்னர் வாங்கி, இன்னமும் ஓட்டி வருவோர் நம்மிடையே உண்டு. பழைய கார் வைத்திருப்பதில் குறையொன்றும் இல்லை. ஆனால், பழைய காருக்குக் கூடுதலான கவனம் வேண்டும். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் எங்கே கசிகின்றது என்று கண்டறிவது அக்கவனத்தில் தலையாயது.

இதனை நான் நூலில் படித்து அறியவில்லை. என் கையில் உள்ள தழும்பு எனக்குக் கற்பித்தது. அந்நாளில் நானும் உங்களைப்போல் பால்மரம் வெட்டிப் பிழைத்தவன். என் பழைய காரின் முன்புறத்தில் நாள்தோறும் சில சொட்டு நீர் விழும். பட்டறையில் காட்டினேன். "ரேடியேட்டர் ஒழுகுகின்றது" என்றார்கள். கடன் வாங்கி ரேடியேட்டரை மாற்றினேன். பத்து நாள் கழித்து மீண்டும் சொட்டு விழுந்தது. "தண்ணீர்தானே, ஊற்றிக்கொண்டால் போயிற்று" என்று எண்ணி, காலைதோறும் ஒரு போத்தல் நீர் ஊற்றி ஓட்டினேன்.

ஓர் இரவு என் மகளுக்கு மூச்சுத் திணறல் கண்டது. அவளையும் தாயையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். தோட்டச் சாலையைத் தாண்டுமுன்னரே கார் நின்றுவிட்டது. ஊற்றிய நீர் முழுதும் வெளியேறியிருந்தது. பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். கொதிநீரும் ஆவியும் பீறிட்டு என் கையை வேகவைத்தன. நல்வினைப் பயனாய் அவ்வழியே வந்த லாரிக்காரர் ஒருவர் எங்களை மருத்துவமனையிற் சேர்த்தார். மகள் பிழைத்தாள். இயந்திரம் பிழைக்கவில்லை. அதன் பின்னரே பட்டறை வேலையைக் கற்றேன். அன்று கசிந்தது எதுவென்பதைப் பின்னர்ச் சொல்லுகின்றேன்.

முதலில் நீர் செல்லும் வழியை அறிந்துகொள்வோம். இயந்திரத்தின் இரும்பு உடலைச் சுற்றியும், அதன் மேலுள்ள அலுமினியத் தலைப்பகுதியிலும் நீர் ஓடுவதற்கு வழிகள் உண்டு. தண்ணீர்ப் பம்ப் அந்நீரைத் தள்ளுகின்றது. இயந்திரம் போதிய அளவு சூடானதும், தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு திறந்து, சுடுநீரை மேற்குழாய் வழியே ரேடியேட்டருக்கு விடுகின்றது. அங்கே காற்றினால் சூடு தணிந்த நீர் கீழ்க்குழாய் வழியே மீண்டும் இயந்திரத்திற்குள் செல்கின்றது. சூட்டினால் பெருகும் நீர் பக்கத்திலுள்ள புட்டிக்குச் சென்று, குளிர்ந்த பின்னர்த் திரும்பி வருகின்றது. எனவே, நல்ல நிலையிலுள்ள காருக்கு அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியதே இல்லை. ஊற்ற வேண்டியிருக்கின்றது என்றால் எங்கோ கசிகின்றது என்பதே பொருள்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. அது நீரை அழுத்தத்தில் வைத்திருக்கின்றது. திறந்த பானையில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். 0.9 என்னும் எண் பொறித்த மூடியின் கீழ் அது 115 பாகையைத் தாண்டியும் கொதியாமல் இருக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, நீர் அந்நொடியே கொதித்துப் பாய்கின்றது. ஆதலின், மேற்குழாய் கைக்குக் குளிர்ந்திருந்தாலன்றி மூடியைத் தொடாதீர்கள். குளிர்ந்த பின்னரும் தடித்த துணியை மூடிமேல் வைத்து, முதல் தடை வரை மெல்லத் திருப்பி, எஞ்சிய அழுத்தத்தை வெளியேற விட்டு, அதன் பிறகே முழுதும் திறத்தல் வேண்டும். மற்றுமொன்று: பல கார்களில் இயந்திரத்தை நிறுத்திய பின்னும் மின்விசிறி தானாகவே சுழலத் தொடங்கும். விரல்களை அதனருகே கொண்டு செல்லாதீர்கள்.

இனிக் கசிவைத் தேடும் முறைக்கு வருவோம். பால்வெட்டில் பழகிய உங்களுக்கு இது புதிதன்று. கோப்பைக்குள் சேராமல் பால் தரையில் கிடந்தால் நீங்கள் தரையையா ஆராய்கின்றீர்கள்? அண்ணாந்து பார்த்து, வெட்டுக்கோட்டிலிருந்து பால் எந்த இடத்தில் விலகிற்று என்று காண்கின்றீர்கள். பட்டை நனைந்திருந்தால் ஓரிடத்தில் விலகிய பால் வேறோரிடத்தில் சொட்டும் என்பதையும் அறிவீர்கள். காரும் அவ்வாறே. சொட்டு விழும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறு. சொட்டிலிருந்து மேல்நோக்கிச் செல்வதே தேடும் முறை.

இரவில் காரைச் சமதரையில் நிறுத்தி, முன்பகுதியின் அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் எங்கே உள்ளது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறமும் மணமும் அற்ற தெளிந்த நீராக இருந்தால், அது குளிர்சாதனத்திலிருந்து வடிந்ததாக இருக்கலாம். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. பச்சை அல்லது சிவப்பு நிறமும் இனிய மணமும் இருந்தால் அது கூலண்ட். வெறும் நீர் ஊற்றிய காரானால் துருவின் செந்நிறம் தென்படும். கூலண்ட் நஞ்சாகும். இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் நாய்களும் அதைச் சுவைத்துவிடக்கூடும். சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள்.

அடுத்து, குளிர்ந்திருக்கும் இயந்திரத்தைத் துணியால் நன்கு துடைத்து உலர்த்துங்கள். கைவிளக்கின் ஒளியில், ஈரத்திற்கு நேர் மேலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள். கசிந்து உலர்ந்த இடத்தில் வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தாற்போல் படிந்திருக்கும். அதுவே அடையாளம்.

முதலாவது, மூடியின் அடியிலுள்ள ரப்பர் வளையம். அது வெடித்தோ தட்டையாகியோ இருந்தால் புதிய மூடி போடுங்கள். காருக்கு உரியதைவிடக் கூடிய எண் பொறித்த மூடியைப் போடுதல் ஆகாது. அது பழைய குழாய்களை வெடிக்கச் செய்யும்.

இரண்டாவது, ரப்பர்க் குழாய்கள். நீங்கள் வெட்டும் பாலிலிருந்து கிடைக்கும் இயற்கை ரப்பர் டயருக்கும் இயந்திரத்தைத் தாங்கும் அடித்தாங்கிக்கும் சிறந்தது. எனினும், நெடுநாள் கொதிசூட்டை அது தாங்காது. ஆதலால், இக்காலக் குழாய்கள் பெரும்பாலும் சூடு தாங்கும் செயற்கை ரப்பரால் ஆனவை. அந்த ரப்பருக்கும் ஒரு பகை உண்டு. அது எண்ணெய். எண்ணெய் பட்ட இடம் ஊறி, உப்பி, மென்மையாகிவிடும். குழாயை விரல்களால் அழுத்திப் பாருங்கள். கல்போல் இறுகியிருந்தாலும் கூழ்போல் தளர்ந்திருந்தாலும் மாற்ற வேண்டும். இரு முனைகளிலும் உள்ள இறுக்கு வளையங்களைத் திருப்புளியால் சரிபாருங்கள். குழாயின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்க மறவாதீர்கள்.

மூன்றாவது, ரேடியேட்டர். மேல்தொட்டியும் கீழ்த்தொட்டியும் சேரும் விளிம்புகளையும், நடுவிலுள்ள மெல்லிய தகடுகளையும் நோக்குங்கள். நான்காவது, தண்ணீர்ப் பம்ப். பெரும்பாலான பம்புகளில் சுழல்தண்டின் கீழே சிறு துளை ஒன்று இருக்கும். அதிலிருந்து நீர் வழிந்தால் உள்ளேயுள்ள அடைப்பு தேய்ந்துவிட்டது என்று பம்ப் தானே அறிவிப்பதாகக் கொள்ளலாம். அத்துளையை அடைப்பது அறிவுடைமையன்று. ஐந்தாவது, இரும்பு உடலின் பக்கவாட்டில் பதித்துள்ள வட்டத் தகட்டு மூடிகள். ஆற்றுநீரும் கிணற்றுநீரும் ஊற்றிய கார்களில் இவை உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டையாகும். நம் நாட்டில் நீர் உறைவதில்லையே, கூலண்ட் எதற்கு என்று கேட்போர் உண்டு. துருவைத் தடுப்பதற்கே அது நமக்கு முதன்மையாக வேண்டும்.

குளிர்ந்த நிலையில் ஒன்றும் தென்படாவிட்டால், இயந்திரத்தை ஓடவிட்டுச் சூடேற்றி, எட்ட நின்று பாருங்கள். சில கசிவுகள் அழுத்தம் ஏறிய பின்னரே வெளிப்படும். வேறு சில, குளிர்ந்து சுருங்கும்போது மட்டும் கசியும். ஆகவே, காலையிலும் பார்க்க வேண்டும், ஓட்டி வந்த பின்னும் பார்க்க வேண்டும். அப்படியும் புலப்படாவிடில் பட்டறையில் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். மூடி இருக்கும் வாயில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அளவுக்கு அழுத்தம் ஏற்றுவார்கள். முள் இறங்கினால் கசிவு உண்டு. குளிர்ந்த இயந்திரத்திலேயே கசியும் இடம் வெளிப்பட்டுவிடும். நீங்கள் அருகில் நின்று, "எங்கே கசிகின்றது? காட்டுங்கள்" என்று கேளுங்கள். கண்ணால் கண்ட பின்னரே பொருள் மாற்றப் பணம் கொடுங்கள். இது உங்கள் உரிமை.

தரையில் ஒரு சொட்டும் விழாமலேயே நீர் குறைவதும் உண்டு. அப்போது கசிவு உள்ளே இருக்கலாம். இரும்பு உடலுக்கும் அலுமினியத் தலைக்கும் இடையே ஹெட் கேஸ்கெட் என்னும் தகட்டு அடைப்பு உள்ளது. அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். அளவு மீறிச் சூடேறினால் தலைப்பகுதி வளைந்து, அடைப்பு பழுதாகிவிடும். அதன் அறிகுறிகள் மூன்று. இயந்திரம் நன்கு சூடான பின்னும் புகைக்குழாயில் இனிய மணமுள்ள வெண்புகை நில்லாமல் வருதல் ஒன்று. ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழிகள் எழுதல் மற்றொன்று. எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தால், எண்ணெய் பால்போல் வெளுத்திருத்தல் மூன்றாவது. எண்ணெய் மூடியின் அடியில் மட்டும் சிறிதளவு வெண்ணுரை இருந்தால் அது குறுந்தூர ஓட்டத்தில் சேர்ந்த ஈரமாகவும் இருக்கலாம். ஆனால், எண்ணெய் முழுதும் வெளுத்திருந்தால் காரை ஓட்டாதீர்கள்.

வெப்பமானியின் முள்ளை மட்டும் நம்பியிராதீர்கள். அதன் உணர்கருவி நீரில் மூழ்கியிருக்கும் வரையிலேதான் உண்மை சொல்லும். நீர் வற்றிவிட்டால் இயந்திரம் வேகும்போதும் முள் தாழ்ந்தே நிற்கக்கூடும். வழியில் சூடேறிவிட்டால் ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு, நன்கு ஆறும்வரை காத்திருங்கள். கொதிக்கும் இயந்திரத்தில் தண்ணீரை ஊற்றினால் உலோகம் வெடித்துவிடலாம். சிலர் ரேடியேட்டரில் மஞ்சள் தூளும் முட்டை வெண்கருவும் போடுவர். சிறு கசிவு அப்போதைக்கு நிற்கலாம். ஆனால், அது மெல்லிய குழல்களையும் அடைத்துவிடும். தவறிக் கொதிநீர் பட்டுவிட்டால், ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் காட்டி, மருத்துவரிடம் செல்லுங்கள். பற்பசை, கிச்சாப் முதலியன பூசுதல் கேடு.

என் காரில் கசிந்தது எது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றேன். ரேடியேட்டர் அன்று. மேற்குழாயின் அடிப்பக்கத்தில், இறுக்கு வளையத்தின் ஓரத்தில், ஒரு வெடிப்பு. இயந்திரத்தின் மேல்மூடியிலிருந்து எண்ணெய் சிறிது சிறிதாகப் பட்டு, அவ்விடம் ஊறிப்போயிருந்தது. அங்கே கசிந்த நீர் ரேடியேட்டரின் பின்புறமாக வழிந்து, அதன் கீழ்மூலையில் சொட்டியது. பட்டறையில் சொட்டைப் பார்த்தார்கள், மேலே பார்க்கவில்லை. புதிய ரேடியேட்டரில் அதே பழைய குழாயை மாட்டி அனுப்பினார்கள். நானும் கேட்கவில்லை. சில ரிங்கிட் பெறும் ஒரு முழ நீளக் குழாய்க்காக ரேடியேட்டரும் போயிற்று, இயந்திரமும் போயிற்று. மகளும் போயிருப்பாள். அந்த லாரி வாராதிருந்தால் என்று நினைக்கும்போது இன்றும் என் நெஞ்சு நடுங்குகின்றது.

ஆகவே தோழர்களே, உங்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். இன்றிரவே காரின் அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். புட்டியில் உள்ள இரு கோடுகளுக்கும் இடையே நீர் நிற்கின்றதா என்று வாரந்தோறும் பாருங்கள். ஊற்றிய நாளையும் அளவையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு முறைக்கு மேல் எழுத நேர்ந்தால், ஊற்றுவதை விட்டுத் தேடத் தொடங்குங்கள். நம் வீட்டில் ஒருவர்க்கு நள்ளிரவில் கார் வேண்டியிருக்கும் நாள் எதுவென்று யாரும் முன்னரே அறியார்.