உட்காரும் உரிமை

ஜவுளிக்கடையில் நமக்குப் புடவை விரித்துக் காட்டும் பெண்ணின் கால்களைக் கவனித்திருக்கிறீர்களா? காலையிலிருந்து நின்றபடியே வேலை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகித் தளர்ந்து ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். நாளாக ஆக ரத்தநாளம் சுருண்டு புடைக்கலாம். ராத்திரியில் கால் கடுக்கும்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டத்தைத் திருத்தின. நல்ல சட்டம். ஆனால் நாற்காலி மட்டும் போதாது, உட்கார்ந்தால் முதலாளி முறைப்பாரோ என்ற பயமும் போகவேண்டும்.

வீட்டுக்குப் போனால் அந்தப் பெண்ணுக்கு அடுப்படியிலும் நிற்கிற வேலைதான். தலையணைமேல் காலை உயர்த்தி வைத்து அவர் சற்று நேரம் படுக்கட்டும். இட்லியை மற்றவர்கள் ஊற்றட்டும்.